அடிப்பக்கத்துக்குக் கீழே ஏன் கோணம் வரைகிறோம்?

பத்தாம் வகுப்பில் தமிழ்வழியில் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "மிஸ், வடிவியல் படங்களைப் படிப்படியாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். நடுக்கோடு கொடுத்தால் வரைந்துவிடுவேன். அதையே குத்துயரம் என்றோ, கோண இருசமவெட்டி என்றோ மாற்றிக் கொடுத்தால் எந்தப் படி எதற்கு என்று குழம்பிவிடுகிறது. அடிப்பக்கத்துக்குக் கீழே கோணம் வரையச் சொல்கிறார்கள், ஏன் கீழே என்று தெரியவில்லை. கணக்குப் போட்டால் விகிதம் தலைகீழாகிவிடுகிறது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. பழைய வினாத்தாள்களை எப்படிப் போட்டுப் பார்ப்பது?"

நீ போகிற போக்கில் கேட்டிருக்கிறாயே, ஏன் கீழே என்று, அதுதான் அம்மா உன் கேள்விகளிலேயே பெரியது. அது புரிந்துவிட்டால் நடுக்கோடு, குத்துயரம், இருசமவெட்டி மூன்றும் ஒரே படமாகிவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே புள்ளிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் எழுதுகிறேன். நீ படம் போடும்போது உன் வழக்கமான எழுத்துகளை வைத்துக்கொள். வெறுமனே வாசித்துப் போகாதே. தாளும் காம்பஸும் பக்கத்தில் இருக்கட்டும்.

வினாத்தாளில் வடிவியல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது உனக்குத் தெரிந்ததுதான். 100 மதிப்பெண்ணில் கடைசி 16, எட்டு எட்டாக இரண்டு கேள்விகள். 43-வது வடிவியல் படம், 44-வது வரைபடம். இரண்டிலும் 'அல்லது' உண்டு. இது போக நான்காம் பாடத்திலிருந்து ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் கேள்விகளும் வரும். எட்டு மதிப்பெண் படம் என்பது நன்றாகக் கற்றவளுக்கு முழுதாகக் கையில் வரக்கூடியது. வரைந்த படத்தை அங்கேயே அளந்து சரிபார்த்துவிடலாம். இயற்கணிதத்தில் அவ்வளவு வசதி கிடையாது.

ஒரு கேள்வியை எடுப்போம். பிசி = 7 செ.மீ, ∠ஏ = 50°, ஏ-யிலிருந்து பிசி-க்கு வரையும் நடுக்கோடு ஏஎம் = 6 செ.மீ. முக்கோணம் ஏபிசி வரைந்து, ஏ-யிலிருந்து பிசி-க்கு உள்ள குத்துயரத்தைக் காண வேண்டும்.

பிசி-யை ஸ்கேல் வைத்து வரைந்துவிடலாம். பி கிடைத்தது, சி கிடைத்தது. கிடைக்காதது ஏ ஒன்றுதான். ஆக, கேள்வி முழுவதும் 'ஏ எங்கே இருக்கிறது?' என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு துப்புகள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, எம்-லிருந்து 6 செ.மீ தூரத்தில் இருக்கிறது. எம் என்பது பிசி-யின் மையப்புள்ளி. எம்-ல் காம்பஸ் முனையை ஊன்றி 6 செ.மீ ஆரத்தில் ஒரு வில் போட்டால், ஏ அந்த வில்லின் மேல் எங்கோ இருக்கிறது. இந்தத் துப்பு சுலபம்.

இரண்டாவது துப்பு, ஏ-யில் நின்று பார்த்தால் பி-யும் சி-யும் 50° விரிவில் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் எல்லாம் எங்கே இருக்கும்? இதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார். ஒரு பழைய அட்டையில் 4 செ.மீ இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்து. உன் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டத்தின் 60° மூலையை இரண்டு ஊசிக்கும் நடுவே செலுத்து. அதன் ஒரு ஓரம் இந்த ஊசியில் பட வேண்டும், மற்ற ஓரம் அந்த ஊசியில் பட வேண்டும். இரண்டும் படும்போது மூலை இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வை. கொஞ்சம் நகர்த்து, மறுபடி புள்ளி வை. பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வைத்த பிறகு மூலைமட்டத்தை எடுத்துவிட்டுப் பார். புள்ளிகள் அழகாக ஒரு வட்ட வில்லில் அமர்ந்திருக்கும். ஒரு நாணின் மேல், ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தாயே, அது இதுதான். நான் வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் பிள்ளைகள் கடைசிப் புள்ளிகளை வைக்கும்போது ஒன்றைக் கவனிப்பார்கள். மூலை ஊசியை நெருங்க நெருங்க, மூலைமட்டம் அப்படியே சாய்ந்து, அதன் ஒரு ஓரம் ஊசியைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்.

இப்போது நம் 50° வட்டத்துக்கு வருவோம். ஏ அந்த வட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் வட்டமே நம்மிடம் இல்லை. வட்டத்துக்கு மையம் வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏ-யை வில்லின் வழியே மெல்ல நகர்த்தி பி-க்குக் கொண்டுபோ. போகும் வழியெல்லாம் கோணம் 50° மாறாது. ஏ, பி-க்கு வெகு அருகில் வந்துவிட்டால் ஏசி என்ற கோடு கிட்டத்தட்ட பிசி-யாகவே ஆகிவிடும். ஏபி என்ற கோடு? அது வட்டத்தை ஒட்டியொட்டி வந்த குட்டி நாண். ஏ, பி-யின் மேலேயே வந்து உட்கார்ந்ததும் அது பி-யில் தொடுகோடாகிவிடும். ஏ-யிலிருந்து பி-யை நோக்கிப் போன கதிர், இப்போது பி-யைத் தாண்டிக் கீழ்நோக்கிப் போகிறது. மூலைமட்டத்தின் ஓரம் ஊசிக்குக் கீழே இறங்கியது என்று சொன்னேனே, அதேதான். ஆக பி-யில் தொடுகோட்டுக்கும் பிசி-க்கும் நடுவே, பிசி-க்குக் கீழ்ப்பக்கத்தில், 50° இருக்க வேண்டும். கீழே கோணம் வரைவது இதற்காகத்தான். பி-யின் மேல் வந்து அமர்ந்துவிட்ட ஏ-யின் கோணத்தைத்தான் நீ வரைகிறாய். இதை முறையாகச் சொன்னால் மாற்று வட்டத்துண்டு தேற்றம்: தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், மறுபக்க வட்டத்துண்டில் உள்ள கோணத்துக்குச் சமம். நான் சொன்ன நகர்த்தல் ஒரு விளக்கம் மட்டுமே. நிரூபணம் எழுதச் சொன்னால் புத்தகத்தில் உள்ளபடியே எழுது.

இனி மற்ற படிகள் தாமாக வரும். பிசி-க்குக் கீழே 50° சாய்வில் வரைந்த பிஈ தொடுகோடு. தொடுகோட்டுக்கு ஆரம் செங்குத்து. அதனால் பி-யில் பிஈ-க்கு 90° எழுப்பு, அதுதான் பிஎஃப். மையம் பிஎஃப்-ன் மேல் இருந்தாக வேண்டும். மையம் பி-க்கும் சி-க்கும் சம தூரத்திலும் இருந்தாக வேண்டும். அதனால் பிசி-க்கு மையக்குத்துக்கோடு, அதாவது அதைச் சரிபாதியில் செங்குத்தாக வெட்டும் கோடு, போடு. இரண்டும் வெட்டும் இடம் ஓ, அதுவே மையம். ஓபி ஆரத்தில் வட்டம். மையக்குத்துக்கோடு பிசி-யை வெட்டிய இடம் எம். அது இலவசமாகக் கிடைத்துவிட்டது. எம்-லிருந்து 6 செ.மீ வில், வட்டத்தை வெட்டுமிடம் ஏ. இரண்டு இடங்களில் வெட்டும். எதை எடுத்தாலும் சரி, ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம்.

சரியாக வரைந்திருந்தால் உன் வட்டத்தின் ஆரம் சுமார் 4.6 செ.மீ இருக்கும். பாகைமானியை ஏ-யில் வைத்து 50° வருகிறதா என்று பார். பிறகு குத்துயரம்.

இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் தடுமாறுவார்கள். இந்தக் கணக்கில் ஏ-யிலிருந்து இறக்கும் செங்குத்து, பிசி-யின் மேல் விழாது. பக்கத்தைத் தாண்டி, ஏறக்குறைய 0.9 செ.மீ வெளியே விழும். பிசி-யை அந்தப் பக்கம் புள்ளிக்கோடாக நீட்டி, அதன் மேல் செங்குத்து இறக்கி அளந்தால் 4 செ.மீ வரும். என்னிடம் படித்த பையன் ஒருவன் மாதிரித் தேர்வில் படத்தைச் சரியாகவே முடித்திருந்தான். குத்துக்கோடு வெளியே போவதைப் பார்த்துப் பயந்து, படம் தப்பு என்று எண்ணி, முழுவதையும் அழித்துவிட்டு, ஏ-யைக் கண்ணால் பார்த்து நடுவாக வைத்து வேறு முக்கோணம் போட்டுவிட்டான். அழித்த தடம் தாளில் அப்படியே தெரிந்தது. அவனைக் கூப்பிட்டு அந்தத் தடத்தின் மேலேயே பென்சிலால் கோடிழுத்துக் காட்டினேன். விரிகோண முக்கோணத்தில் இரண்டு குத்துக்கோடுகள் வெளியேதான் விழும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. ஆனால் தேர்வறையில் அதை நம்பத் துணிவு வரவில்லை. எந்தப் படி எதற்கு என்று தெரிந்தவளுக்கு அந்தத் துணிவு வரும். அதனால்தான் இவ்வளவு விளக்குகிறேன்.

குத்துயரம் கொடுத்தால் என்ன மாறும்? ஏ-யைப் பற்றிய முதல் துப்பு மட்டும் மாறும். ஏ, பிசி-யிலிருந்து 4 செ.மீ உயரத்தில் இருக்கிறது என்றால், பிசி-க்கு இணையாக 4 செ.மீ மேலே ஒரு கோடு. மையக்குத்துக்கோட்டின் மேல் எம்-லிருந்து 4 செ.மீ அளந்து, அங்கே இணைகோடு வரைந்தால் அது வட்டத்தை வெட்டும் இடம் ஏ. வட்டம் வரையும் வரை எல்லாப் படியும் முன்போலத்தான். இருசமவெட்டியை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

இந்த வரைமுறை ஏதோ பாடத்திட்டக் குழு உட்கார்ந்து உண்டாக்கியது என்று நினைத்துவிடாதே. யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தொகுத்த 'எலிமெண்ட்ஸ்' நூலின் மூன்றாம் பாகத்தில் 32-வது கூற்று மாற்று வட்டத்துண்டு தேற்றம். அடுத்த 33-வது கூற்று, கொடுத்த கோட்டின் மேல் கொடுத்த கோணம் அமையும் வட்டத்துண்டை வரைவது. அதாவது உன் 43-வது கேள்வி. தேற்றத்தைச் சொன்ன கையோடு படத்தையும் வரைந்திருக்கிறார். நம் புத்தகத்திலோ படம் வரைதல் ஒரு பயிற்சியிலும் அந்தத் தேற்றம் வேறொரு பயிற்சியிலும் தள்ளித் தள்ளி இருப்பதால், இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

தொடுகோட்டுப் படமும் இப்படித்தான். வெளிப்புள்ளி கே-யிலிருந்து ஓ மைய வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு வரை என்றால், தெரியாதது தொடுபுள்ளி. அங்கே ஆரமும் தொடுகோடும் 90°. ஓ-வும் கே-யும் 90° விரிவில் தெரியும் இடங்கள் எல்லாம் ஓகே-யை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் இருக்கும், அரைவட்டக் கோணம். அதனால்தான் ஓகே-க்கு மையக்குத்துக்கோடு போட்டு, நடுவிலிருந்து இன்னொரு வட்டம் போடுகிறோம். ஆரம் 2.5 செ.மீ, ஓகே = 6.5 செ.மீ என்று எடுத்து வரைந்து பார். தொடுகோடு சரியாக 6 செ.மீ வர வேண்டும். சரிபார்த்தல் என்று தனியாக எழுது: 6.5-ன் வர்க்கம் 42.25, 2.5-ன் வர்க்கம் 6.25, கழித்தால் 36, வர்க்கமூலம் 6.

வடிவொத்த முக்கோணம் வரைவதில் ஒரே ஒரு குழப்பம்தான் வரும். அளவு காரணி 3/5 என்றாலும் சரி, 7/4 என்றாலும் சரி, பி-யிலிருந்து கீழே இழுத்து, சம இடைவெளியில் புள்ளிகள் வைத்த கதிரில் எத்தனையாவது புள்ளியைச் சி-யுடன் சேர்ப்பது? பகுதி எண் எதுவோ அதை. பகுதி என்பது இருக்கிற பழைய முக்கோணம். சி அதற்குச் சொந்தம். தொகுதி என்பது வரப்போகும் புது முக்கோணம். 3/5-ல் ஐந்தாவது புள்ளியைச் சி-யுடன் சேர்த்து, மூன்றாவதிலிருந்து இணைகோடு. 7/4-ல் நான்காவதைச் சி-யுடன் சேர்த்து, ஏழாவதிலிருந்து இணைகோடு. அது நீட்டிய பிசி-யில் போய் விழும். பெரியது, சிறியது என்று யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, விகிதம் தலைகீழாவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு தெரியாதது அல்ல, எழுத்துகளின் வரிசை. ஒரு செங்கோண முக்கோணம், பி-யில் 90°. பி-யிலிருந்து கர்ணம் ஏசி-க்கு பிடி செங்குத்து. ஏடி = 4, டிசி = 9 என்றால் பிடி எவ்வளவு? படத்தைப் பார்த்து 'சின்ன முக்கோணம், பெரிய முக்கோணம்' என்று எழுத ஆரம்பித்தால் சிக்கிக்கொள்வாய், ஏனென்றால் இரண்டுக்கும் பிடி பொதுப் பக்கம். செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில், ஒன்றில் அது நீளமானது, மற்றதில் குட்டையானது. முதலில் கோணங்களைக் குறி. ஏ-யில் உள்ள கோணத்துக்கு ஒரு வளைவு போடு. ஏ-யும் சி-யும் சேர்ந்து 90°. டிபிசி கோணமும் சி-யும் சேர்ந்தும் 90°. ஆகவே ∠டிபிசி-யும் ∠ஏ-யும் சமம். அதற்கும் ஒற்றை வளைவு போடு. டி-யில் இரண்டுக்கும் செங்கோணம். இனி ஜோடி சேர்: ஏ-க்கு ஜோடி பி, டி-க்கு ஜோடி டி, மிச்சமிருக்கும் பி-க்கு ஜோடி சி. அந்த வரிசையிலேயே எழுது: முக்கோணம் ஏடிபி, முக்கோணம் பிடிசி வடிவொத்தவை. இனிப் படத்தைப் பார்க்கவே பார்க்காதே. எழுதிய பெயர்களில் முதல் இரண்டு எழுத்து: ஏடி-க்குப் பிடி. அடுத்த இரண்டு: டிபி-க்கு டிசி. ஏடி/பிடி = டிபி/டிசி. 4/பிடி = பிடி/9. பிடி-யின் வர்க்கம் 36, பிடி = 6. படத்தைப் பார்த்து விகிதம் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, பெயரைப் பார்த்து எழுதப் பழகினால் தலைகீழாவது நின்றுவிடும்.

கோண இருசமவெட்டித் தேற்றத்தில் குழப்பம் வேறு மாதிரி. ஏடி, கோணம் ஏ-யை இருசமமாக வெட்டுகிறது. ஏபி = 9, ஏசி = 6, பிசி = 10. பிடி எவ்வளவு? பிடி/டிசி = ஏபி/ஏசி. மேலே பி இருந்தால் இந்தப் பக்கமும் மேலே பி இருக்க வேண்டும். 9க்கு 6 என்பது 3க்கு 2. பத்தை ஐந்து பங்காக்கி மூன்று பங்கு: பிடி = 6, டிசி = 4. விடை வந்ததும் ஒரு பார்வை பார்: ஏபி நீளமான பக்கம், பிடி-யும் நீளமான துண்டாக இருக்கிறதா? இருக்கிறது. இந்தப் பார்வைக்கு ஐந்து விநாடி போதும்.

சீவாஸ் தேற்றத்துக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட விரலால் நடந்து பார்ப்பது மேல். டி, ஈ, எஃப் முறையே பிசி, சிஏ, ஏபி பக்கங்களின் மேல் இருக்கின்றன; ஏடி, பிஈ, சிஎஃப் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. பி-யில் விரலை வை. பி-யிலிருந்து டி, டி-யிலிருந்து சி, சி-யிலிருந்து ஈ, ஈ-யிலிருந்து ஏ, ஏ-யிலிருந்து எஃப், எஃப்-லிருந்து மறுபடி பி. விரலை எடுக்காமல் முக்கோணத்தைச் சுற்றி வந்துவிட்டாய். நடந்த வரிசையில் ஒன்று மேலே, ஒன்று கீழே: பிடி/டிசி × சிஈ/ஈஏ × ஏஎஃப்/எஃப்பி = 1. பிடி = 4, டிசி = 3, சிஈ = 6, ஈஏ = 4, ஏபி = 9 என்று கொடுத்தால், முதல் இரண்டின் பெருக்கல் 2. ஏஎஃப்/எஃப்பி பாதியாக வேண்டும். ஒன்பதை மூன்று பங்காக்கினால் ஏஎஃப் = 3, எஃப்பி = 6. மெனிலாஸ் தேற்றத்திலும் அதே நடைதான். அங்கே ஒரு புள்ளியாவது பக்கத்தின் நீட்சியில் இருக்கும். நடக்கும்போது அந்த இடத்தில் திரும்பி வர வேண்டியிருக்கும், அந்தத் திரும்புதலுக்காகத்தான் விடை −1 என்று எழுதுகிறோம்.

தேற்ற நிரூபணம் பாதியில் நின்றுபோவதற்கு மருந்து, 'அமைப்பு' என்று எழுதுகிற வரியைப் புரிந்துகொள்வது. கோண இருசமவெட்டித் தேற்றத்தையே பார். சி வழியாக ஏபி-க்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஏடி-யை நீட்டி அதை ஈ-யில் சந்திக்க வைக்கிறோம். எதற்காக? நமக்கு வேண்டியது ஏபி, ஏசி, பிடி, டிசி நான்கும் வரும் ஒரு விகிதம். டி-யில் குறுக்கே வெட்டும் இரண்டு கோடுகள் இருக்கின்றன. எதிரெதிரே இரண்டு முக்கோணம் இருந்தால் வடிவொத்தவை கிடைத்துவிடும். ஒரு பக்கம் முக்கோணம் ஏபிடி இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. அந்த ஆளை உண்டாக்கத்தான் இணைகோடு. இணைகோடு வந்ததும் பிஏடி கோணமும் சிஈடி கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள், சமம். பிஏடி கோணமும் டிஏசி கோணமும் ஏற்கெனவே சமம். ஆக முக்கோணம் ஏசிஈ-யில் ஏ-யும் ஈ-யும் சமம், அதனால் ஏசி = சிஈ. முக்கோணம் ஏபிடி, ஈசிடி வடிவொத்தவை; ஏபி/சிஈ = பிடி/டிசி. சிஈ இருந்த இடத்தில் ஏசி-யை வை. முடிந்தது. இணைகோடு எதற்கு என்று தெரிந்தால் அடுத்த நான்கு வரியும் வந்துவிடும். தெரியாவிட்டால் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் மூன்றாவது வரியில் நிற்பாய்.

பழைய வினாத்தாள் விஷயத்துக்கு வருகிறேன். முழு வினாத்தாளையும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து போடுவது கடைசி மூன்று வாரத்துக்கு வேண்டியது. அதற்கு முன் வடிவியலை மட்டும் பிரித்தெடு. ஐந்தாறு வினாத்தாள்களின் 43-வது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள். 'அல்லது' இரண்டையும் எழுது. முதல் சுற்றில் காம்பஸைத் தொடாதே. ஒவ்வொன்றுக்கும் உதவிப்படம் மட்டும் போட்டு, பக்கத்தில் இரண்டு வரி: எந்தப் புள்ளி தெரியாது, அதற்கு என்னென்ன துப்பு. ஒரு கேள்விக்கு இரண்டு மூன்று நிமிடம். பத்துக் கேள்விக்கு இப்படி எழுதினால் உனக்கே தெரிந்துவிடும், பத்தும் நான்கைந்து வகைக்குள் அடங்கியவை என்று. இரண்டாம் சுற்றில் வகைக்கு இரண்டாக வரைந்து பார். வரையும்போது கடிகாரத்தைப் பார்க்காதே. நேரம் மூன்றாம் சுற்றில் தானாகக் குறையும்.

தேர்வில் உதவிப்படம், வரைமுறை, உண்மைப்படம் என்று மதிப்பெண்ணைப் பிரித்துத்தான் போடுவார்கள். உதவிப்படத்தில் அளவுகளைக் குறிக்காமல் விடாதே. வில் வெட்டிய தடங்களை அழிக்காதே. நீ காம்பஸால் வரைந்தாய் என்பதற்கு அவைதான் சாட்சி. இன்னொன்று, பென்சில் முனை. மொக்கையான முனையில் கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். நான்கைந்து படிகளில் அந்த ஒரு மில்லிமீட்டர் கூடிக் கூடி, கடைசியில் 4.0 வர வேண்டிய இடத்தில் 4.3 வந்து நிற்கும். காம்பஸில் மாட்டும் பென்சிலைத் தனியாகக் குட்டையாகச் சீவி வை, காம்பஸின் திருகு தளர்ந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடு. வரையும்போது ஆரம் விரிந்துபோவதைப் போல எரிச்சல் வேறில்லை.

கடைசிக்கு வைத்திருந்த இருசமவெட்டிக் கேள்வி, நீயே போட்டுப் பார்க்க. பிசி = 7.5 செ.மீ, ∠ஏ = 55°, ஏ-யின் கோண இருசமவெட்டி பிசி-யை டி-யில் சந்திக்கிறது, பிடி = 4.5 செ.மீ. வட்டம் வரை முன்போலவே. துப்பு இது: மையக்குத்துக்கோட்டைக் கீழே நீட்டினால் வட்டத்தை ஐ என்ற புள்ளியில் வெட்டும். ஐ, கீழ்வில்லின் நட்ட நடுவில் இருக்கிறது. பிஐ வில்லும் ஐசி வில்லும் சமம். சம வில்கள் பரிதியில் சம கோணம் தாங்கும். ஆகவே ஏ வட்டத்தின் மேல்வில்லில் எங்கே இருந்தாலும், ஏஐ என்ற கோடுதான் அதன் இருசமவெட்டி. அது டி வழியாகவும் போக வேண்டும். ஐ-யையும் டி-யையும் சேர்த்து மேலே நீட்டினால் வட்டத்தில் ஏ கிடைத்துவிடும்.

வரைந்து முடித்ததும் ஏபி-யையும் ஏசி-யையும் அள. டிசி 3 செ.மீ, பிடிக்கும் டிசிக்கும் உள்ள விகிதம் 3க்கு 2. ஆகவே ஏபி-யும் ஏசி-யும் 3க்கு 2 ஆக இருந்தாக வேண்டும். ஏபி சுமார் 9.1 செ.மீ, ஏசி சுமார் 6.1 செ.மீ வர வேண்டும். வராவிட்டால் முதலில் மையக்குத்துக்கோட்டைப் பார். அது அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் ஐ நகர்ந்துவிடும், ஐ நகர்ந்தால் ஏ அதைவிட அதிகமாக நகர்ந்துவிடும்.